தகரடப்பாவின் இடது கை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் ஊசியையும் அவள் அண்ணனையும் காய் விட்ட நிலையில்தான் விட்டுவிட்டு வந்தோம். வாசகர்கள் பலர் கோபித்துக்கொண்டார்கள். சின்னப் பிள்ளைகள்கூடச் சாயங்காலத்துக்குள் பழம் விட்டுவிடும், தலை நரைத்த இரண்டு பேர் எட்டு மாதமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிவதா என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வாரமும் அவர்கள் பழம் விடவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் அண்ணன் ஊசிக்குப் போன் செய்து, "அம்மா மூட்டை கட்டிட்டா. வழியனுப்பறதா இருந்தா வா" என்றார். அம்மாவுக்குச் சளி பிடித்தால்கூட ஆறு வருஷமாக இதே வசனத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நாளைக்கு லீவு, அதுவரை மூட்டையைப் பிரித்து வைக்கச் சொல் என்று ஊசி சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். அன்று மாலையே அம்மா போய்விட்டாள்.

"ஒரு தடவையாவது மனுஷன் மாதிரி பேசியிருக்கலாமே" என்றாள் ஊசி, வாசலில் நின்று.

"ஒரு தடவையாவது நம்பியிருக்கலாமே" என்றார் அண்ணன்.

அதோடு சரி. அதற்குப் பிறகு நேரிலோ போனிலோ ஒரு சொல் கிடையாது.

ஆனால் தினமும் பேசிக்கொண்டார்கள். அதுதான் வேடிக்கை. நாலாயிரம் பேர் கூடும் இணையக் குழுமம் ஒன்று, அதற்கு 'மொட்டை மாடி' என்று பெயர். அங்கே அவள் ஊசி, அவர் தகரடப்பா. பஸ்ஸுக்கு இருக்கை உறை தைப்பவளுக்கு ஊசி என்ற பெயர் பொருத்தம்தான். தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் மனிதர் ஏன் தகரடப்பா ஆனார் என்று கேட்டால், காலியாக இருப்பதுதான் சத்தம் போடும் என்பார். இருவரும் அண்ணன் தங்கை என்பது மாடியில் எல்லோருக்கும் தெரியும். எட்டு மாதமாகப் பேச்சில்லை என்பது யாருக்கும் தெரியாது.

மாடியில் அறைகள் உண்டு. குழாய் ஒழுகுவதிலிருந்து கோர்ட் நோட்டீஸ் வரைக்கும் கேட்கக் கேள்வி அறை. மனசு சரியில்லாதவர்களுக்குப் புலம்பல் அறை. எல்லாவற்றையும்விடக் கூட்டம் அதிகம் சிரிப்பு அறையில். அதற்கு மேற்பார்வை ஊசி. அங்கே ஒரு விதி இருந்தது, ஊசி போட்ட விதி. சிரிப்பு அறையில் யாரும் 'நிஜமா?' என்று கேட்கக் கூடாது. மாமியாரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன் என்று ஒருவர் எழுதினால், உடனே ஒரு மகானுபாவர் வந்து, அலமாரியில் காற்றோட்டம் இருக்கிறதா என்று விசாரிப்பார். சிரிப்பு அங்கேயே செத்துவிடும். ஆகவே கேட்டவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு வாரத்துக்குக் கழுதைக் காது படம் மாட்டப்படும். கேட்ட கேள்வியும் யார் கண்ணிலும் படாதபடி மடக்கி வைக்கப்படும். மூன்று வருஷத்தில் ஒரு நீதிபதிக்குக்கூட ஊசி காது மாட்டியிருக்கிறாள்.

விதி நன்றாகவே வேலை செய்தது. நாலாயிரம் பேரும் நம்பக் கூடாது என்று பழகிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை ஆறு ஐம்பதுக்குத் தகரடப்பா எழுதினார்: 'இன்று ஒரு செருப்பு காலில் நிற்க மாட்டேன் என்று வீம்பு பிடிக்கிறது. ஒற்றைச் செருப்போடு ஒருவன் எவ்வளவு தூரம் போவான்?'

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஊசி அதைப் படித்தாள். தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்தாள். ஜோடி பிரிந்த செருப்பு யார், வீம்பு பிடிப்பது யார் என்பதெல்லாம் அவளுக்கு விளங்காமலா போகும்? மனசு கொஞ்சம் இளகியது. ஆனால் பதில் எழுதவில்லை. முதலில் இறங்கி வருவது தானாக இருக்கக் கூடாது என்பது எட்டு மாதத்து வைராக்கியம்.

பட்டறையில் அன்று ஒரு பஸ்ஸுக்கு நாற்பத்தெட்டு இருக்கை. ரெக்சினில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு வெட்டி, பஞ்சின் மேல் இழுத்துத் தைக்க வேண்டும். கை தவறினால் இயந்திரம் விரலைத் தைத்துவிடும் என்பதால் வேலை நேரத்தில் எல்லோருடைய செல்போனும் அலமாரியில் இருக்கும். பத்து மணி டீக்குத்தான் கையில் கிடைக்கும்.

அன்றும் டீ கிளாஸோடு உட்கார்ந்து மாடியைத் திறந்தாள். பத்து ஐந்துக்குத் தகரடப்பாவின் புதிய பதிவு.

'என் இடது கை இன்று நான் சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. டீ கிளாஸைக் கீழே போட்டுவிட்டது. இதைப் பற்றி யாரிடம் புகார் கொடுப்பது?'

ஊசிக்குச் சுருக்கென்றது. அம்மா உயிரோடு இருந்தவரை வந்தவர் போனவரிடமெல்லாம், பையன் என் வலது கை, பொண்ணு என் இடது கை என்று சொல்லிக்கொண்டிருப்பாள். இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லையாம். காலையில் செருப்பாக்கினார், இப்போது கையாக்கிவிட்டார், அதுவும் ஊரறிய. இளகியிருந்த மனசு பழையபடி இறுகியது.

'இடது கையைக் கொஞ்சம் மரியாதையாகக் கூப்பிட்டுப் பாருங்கள். மிரட்டினால் எந்தக் கையும் வராது' என்று எழுதினாள்.

பிறகு மாடியே அந்தப் பதிவில் இறங்கிவிட்டது. கைக்குச் சம்பள உயர்வு கொடுங்கள் என்றார் ஒருவர். தொழிற்சங்கத்தோடு பேசுங்கள் என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டுக் கையை இரவல் வாங்குங்கள் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். நாற்பது, ஐம்பது என்று ஏறிக்கொண்டே போயிற்று.

நடுவில் ஒரு புது ஆள். 'எட்டிப்பார்' என்று பெயர். மாடிக்கு வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும், இதுவரை ஒரு வரி எழுதியதில்லை.

'நிஜமாவா? இடது கையா? எப்போதிலிருந்து? வாய் கோணுகிறதா? தயவு செய்து யாராவது பக்கத்தில் இருந்தால் போய்ப் பாருங்கள்.'

ஊசி கடைசி மடக்கு டீயைக் குடித்தபடியே விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். எட்டிப்பாருக்குக் கழுதைக் காது முளைத்தது. கேள்வி மடங்கிப் போயிற்று. மணி பத்து இருபத்தைந்து. செல்போனை அலமாரியில் வைத்துவிட்டு இயந்திரத்துக்குத் திரும்பினாள்.

பதினொன்று நாற்பதுக்குப் பட்டறை அலுவலகத்துப் போனில் அவளுக்கு அழைப்பு வந்தது. அண்ணி. எட்டு மாதமாக அண்ணியோடும் பேச்சில்லை. அண்ணனோடு காய் என்றால் அண்ணியும் அதில் சேர்த்திதானே.

"எட்டிப்பார் நான்தான்" என்றாள் அண்ணி.

ஊசிக்கு முதலில் ஒன்றும் பிடிபடவில்லை.

"கழுதைக் காது எனக்குத்தான் மாட்டிவிட்டே. அது கிடக்கட்டும். உங்க அண்ணன் போனை எடுக்கலை. அடிச்சு அடிச்சுப் பாத்துட்டேன். இங்கேருந்து நான் வந்து சேர மூணு மணி நேரம் ஆகும். நீ ஓடு."

அண்ணி வெளியூரில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவாள். போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டால் ராஜா மாதிரி இருக்கிறேன் என்பார் மனிதர். மாடியில்தான் வேடிக்கை என்று சொல்லி உண்மையை எழுதுவார். அடுப்பு இரண்டு நாளாக விரதம் என்று எழுதினால் சமைக்கவில்லை என்று அர்த்தம். அதைப் படிக்கத்தான் அவள் யாருக்கும் சொல்லாமல் மாடி ஏறியிருந்தாள்.

ஊசிக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. மேஸ்திரியிடம் என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. பட்டறை வேனில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, மடக்கி வைத்திருந்த கேள்வியைத் திறந்து திரும்பத் திரும்பப் படித்தாள். வாய் கோணுகிறதா? ஒரு விடுதி வார்டனுக்குத் தோன்றியது கூடப் பிறந்தவளுக்குத் தோன்றவில்லை. ஒரே குழியில் இரண்டாம் தடவை விழுந்திருக்கிறாள்.

வீட்டின் முன்னறைதான் அண்ணனின் பட்டறை. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள்.

கழற்றிப் போட்ட இரண்டு மோட்டார்களுக்கு நடுவில், சுவரில் சாய்ந்தபடி தரையில் கிடந்தார். பக்கத்தில் உடைந்த டீ கிளாஸ். செம்புக் கம்பிச் சுருள் ஒன்று பிரிந்து காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. முகத்தின் ஒரு பக்கம் கழன்று தொங்குவது போல் இருந்தது. அவளைப் பார்த்ததும் ஏதோ சொன்னார். சத்தம்தான் வந்தது, சொல் வரவில்லை.

வலது கையில் செல்போன் இருந்தது. ஊசி அதை மெல்ல எடுத்தாள். சிரிப்பு அறைதான் திறந்திருந்தது. அனுப்பப்படாத பதில் ஒன்று பெட்டியில் நின்றது.

'நிஜமாத்தா'

அவ்வளவுதான் எழுத முடிந்திருக்கிறது.

"அண்ணே" என்றாள் ஊசி. எட்டு மாதத்தில் முதல் தடவை. அவர் கண் அவள் முகத்தில் வந்து நின்றது. பழம் விட்டார்களா என்று கேட்காதீர்கள். அப்போது இருவருக்குமே அந்தக் கணக்கெல்லாம் நினைவில் இல்லை.

ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரி போய், ஸ்கேன் எடுத்து முடிக்க மணி ஒன்று பத்து ஆகிவிட்டது. டாக்டர் சின்ன வயசுப் பெண். அனாவசியமாக ஒரு சொல் பேசாதவர். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு, அதைக் கரைக்க மருந்து உண்டு, ஆனால் ஆரம்பித்த நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்றார்.

"எப்ப ஆரம்பிச்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்று ஊசி செல்போனை நீட்டினாள். பத்து ஐந்து. இதோ எழுதியிருக்கிறார், இடது கை, டீ கிளாஸ், எல்லாம் இருக்கிறது.

டாக்டர் வாங்கிப் படித்தார். கீழே இருந்த ஐம்பது பதில்களும் அவர் கண்ணில் பட்டிருக்கும். அவர் சிரிக்கவில்லை. ஊசியின் பதிலையும் படித்தார். ஊசிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிறகு அவர் விரல் தகரடப்பாவின் பழைய பதிவுகளுக்குப் போயிற்று. ஓரிடத்தில் நின்றது.

"இது என்ன, ஆறு ஐம்பதுக்கு? செருப்பு காலில் நிக்கலைன்னு எழுதியிருக்காரு?"

"அது என்னைப் பத்தி டாக்டர். எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்லை. அதை அப்படி எழுதியிருக்காரு."

"செருப்பு நழுவுறது பக்கவாதத்துக்கு முதல் அறிகுறியா இருக்கலாம். கால் பலம் குறைஞ்சா அதுதான் முதல்ல நடக்கும்."

"இல்லை டாக்டர், எங்க அண்ணன் எழுத்து எனக்குத் தெரியும்."

"பத்து மணிக்கு எழுதினதும் உங்களைப் பத்தின்னுதானே நினைச்சீங்க?"

ஊசி செல்போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் குரலை உயர்த்தாமல் விளக்கினார். பத்து மணிக்கு ஆரம்பித்தது என்றால் இன்னும் நேரம் இருக்கிறது, மருந்து போடலாம், கை கால் பேச்சு எல்லாம் திரும்பக்கூடும். காலை ஆறு ஐம்பதுக்கே ஆரம்பித்துவிட்டது என்றால் நேரம் தாண்டிவிட்டது. தாண்டிய பிறகு போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியலாம், மருந்தே ஆளை முடித்துவிடலாம். மனைவியிடம் போனில் கேட்டாயிற்று, கடைசியாகப் பேசியது நேற்று ராத்திரி. காலையிலிருந்து பத்து மணிக்குள் அவரை நல்லபடியாகப் பார்த்தவர் யாராவது இருந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார்.

ஊசி ஸ்ட்ரெச்சரில் கிடந்த அண்ணனைப் பார்த்தாள். செருப்பு தன்னைப் பற்றித்தான் என்று சொல்ல அவளுக்கு எவ்வளவோ ஆசை. அப்படியென்றால் மருந்து உண்டு. அதோடு, ஒற்றைச் செருப்போடு எவ்வளவு தூரம் போவான் என்று அண்ணன் தன்னிடம் கேட்டதாகவும் ஆகும். இரண்டும் அவளுக்கு வேண்டியிருந்தது. இவ்வளவு வேண்டியிருக்கிற ஒன்றை நிஜம் என்று சத்தியம் பண்ண அவளுக்குத் துணிவு வரவில்லை. அம்மா விஷயத்தில் தவறாகப் படித்தாள். இன்று காலை தவறாகப் படித்தாள். மூன்றாவது தடவையும் இவளுடைய வாசிப்பை நம்பி ஒரு உயிரைத் தொங்கவிடுவதா?

"எனக்குத் தெரியலை டாக்டர்" என்றாள்.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று பதினெட்டு.

வராந்தா சுவரோரம் நின்று ஊசி சிரிப்பு அறையைத் திறந்தாள். கேள்வி அறைக்குப் போகலாம், ஆனால் பகல் வேளையில் அங்கே ஈ காக்கை இருக்காது. ஆட்கள் எல்லாம் இங்கேதான். எழுதினாள்: 'நான் ஊசி. தகரடப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். இடது கை விஷயம் நிஜம். இன்று காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் அவரை நேரில் பார்த்தவர்கள் உடனே சொல்லுங்கள்.'

பதில்கள் வந்து விழுந்தன.

'சிரிப்பு அறையில் நிஜமா? மேற்பார்வைக்கே காது!' என்றார் ஒருவர். 'அண்ணனும் தங்கையும் சேர்ந்து நம்மைக் கழுதையாக்கப் பார்க்கிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள்' என்றார் பள்ளிக்கூட வாத்தியார். யாரோ பத்துக் கழுதைகள் வரிசையாக நிற்கும் படத்தைப் போட்டார்கள். அதற்கு எழுபது பேர் சிரித்திருந்தார்கள்.

ஊசி மறுபடி எழுதினாள், சத்தியமாக நிஜம் என்று. அதற்கும் சிரித்தார்கள். புலி வருது கதையில் கடைசியில் புலி வந்துவிடும், யாரும் வர மாட்டார்கள். இங்கே கத்துகிறவளே ஊரைப் பழக்கி வைத்தவள். யார் மேல் கோபப்படுவது? ஒன்று இருபத்தைந்து.

அப்போதுதான் கழுதைக் காது மாட்டிய ஒரு பெயர் திரையில் வந்தது.

'நான் எட்டிப்பார். தகரடப்பாவின் மனைவி. பஸ்ஸில் அவரிடம் வந்துகொண்டிருக்கிறேன். காலையில் நிஜமா என்று கேட்டதற்காக எனக்கு இந்தக் காதை மாட்டினார்கள். மாட்டியது என் நாத்தனார். எனக்கு இந்தக் காது கனமாக இல்லை. இப்போது உங்களில் ஒருவராவது அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.'

சிரிப்பு நின்றது. ஒரு நிமிஷம் ஒன்றுமே வரவில்லை. மூன்று வருஷத்தில் சிரிப்பு அறை அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

'நிஜமா?' என்று ஒருவர் எழுதினார்.

'நிஜமா ஊசி?' என்றார் இன்னொருவர்.

'நிஜமா?' 'நிஜமாகவா?' 'அம்மா, நிஜமா இது?' பள்ளிக்கூட வாத்தியாரும் கேட்டார். வரிசையாக வந்துகொண்டே இருந்தது. ஊசிக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு, நிஜம், நிஜம் என்று எல்லோருக்கும் ஒரே வார்த்தையை எழுதினாள்.

ஒன்று முப்பத்தொன்றுக்கு 'நனைஞ்ச பூனை' வந்தார். சலவைக் கடை வைத்திருப்பவர். 'நான் பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு மோட்டார் வாங்க அவர் பட்டறைக்குப் போயிருந்தேன். நம்பர் கொடுங்கள்.'

ஊசி செல்போனை டாக்டர் காதில் வைத்தாள். சத்தம் வெளியே கேட்டது. மோட்டார் முப்பது கிலோவுக்குக் குறையாது, வண்டியில் ஏற்ற ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம் என்றார் நனைஞ்ச பூனை. நடந்தாரா, பேசினாரா, எந்தக் கையால் பிடித்தார் என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"ரெண்டு கையாலயும்தான் பிடிச்சாரு. நான் கிளம்பின பிறகு ஒரு போல்ட்டை மறந்துட்டேன்னு தெரு முனை வரைக்கும் என் வண்டி பின்னாடி ஓடி வந்தாரு. மூச்சு வாங்கக்கூட இல்லை. உன் போல்ட் கழண்டுடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, இந்தான்னு கையில கொடுத்தாரு."

"அப்ப மணி என்ன?"

"ஒன்பது நாப்பது. கடை திறக்க லேட்டாச்சுன்னு பார்த்தேன், அதனால நல்லா ஞாபகம் இருக்கு."

டாக்டர் போனைத் திருப்பிக் கொடுத்தார். மருந்து போட்டுவிடலாம், ஆபத்து இல்லாமல் இல்லை, சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். நோயாளிக்கு என்ன உறவு என்ற இடத்தில் 'தங்கை' என்று எழுதினாள் ஊசி. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவளுக்கு அன்று இரண்டுமே ஆடின. ஒன்று நாற்பத்தெட்டுக்கு மருந்து ஏறத் தொடங்கியது.

ஆக, செருப்பு அவளைப் பற்றித்தான். காலையில் மனிதர் தெரு முனை வரை ஓடியிருக்கிறார், காலில் ஒரு கோளாறும் இல்லை. அண்ணன் அவளிடம்தான் கேட்டிருக்கிறார். இவள் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு பதில் எழுதாமல் இருந்திருக்கிறாள். வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்து ஊசி அழுதாள். அம்மா போன அன்றுகூட இப்படி அழவில்லை.

மூன்றேகாலுக்கு அண்ணி வந்தாள். கையில் பை இல்லை. விடுதிச் சாவிக்கொத்து மட்டும் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பெஞ்சில் ஊசிக்கும் தனக்கும் நடுவே ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

ஊசி எழுந்து போய் அவள் காலடியில் உட்காரப் பார்த்தாள். அண்ணி தோளைப் பிடித்து நிறுத்திவிட்டாள். அதெல்லாம் வேண்டாம், பெஞ்சிலேயே இரு என்றாள்.

"அண்ணி, நான் வேணும்னு..."

"வேணும்னு செய்யலைன்னு தெரியும்." சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள். "நானும் ஒரு மணி நேரம் சும்மாதான் இருந்தேன். முதல்ல போன் பண்ணினேன், எடுக்கலை. அப்புறம் மாடியைப் பாத்தா ஐம்பது பேர் சிரிக்கிறாங்க. கூடப் பிறந்தவளே சிரிக்கிறா. நமக்குத்தான் புத்தி மட்டுன்னு நினைச்சுக்கிட்டேன். அந்தக் காதைப் பாத்ததும் வெட்கமாக்கூட இருந்துச்சு. அந்த வெட்கத்துலயே அவ்வளவு நேரம் போயிடுச்சு."

ஊசி அண்ணி பக்கம் திரும்பினாள்.

"என்னை மன்னிச்சிடுங்க அண்ணி."

"இன்னிக்கு அதைக் கேக்காதே" என்றாள் அண்ணி. கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப் போய்ச் சொன்னாள். "இன்னிக்கு என்கிட்ட இல்லை. அவர் எழுந்து உக்காரட்டும், அப்ப பாக்கலாம்."

பிறகு ஊசி சாப்பிட்டாளா என்று விசாரித்தாள். இல்லை என்றதும் எழுந்து போய் இரண்டு டீயும் பிஸ்கட்டும் வாங்கி வந்து, ஒன்றை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். பெஞ்சில் நடுவில் விட்ட இடம் அப்படியே இருந்தது.

ஐந்து மணி சுமாருக்கு நர்ஸ் வந்து கூப்பிட்டார். அண்ணன் முகத்தின் கோணல் கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. இடது கையைத் தூக்கச் சொன்னார் டாக்டர். கை எழவில்லை. விரல்களில் இரண்டு மட்டும் போர்வையின் மேல் லேசாக அசைந்தன. இது நல்ல அறிகுறி, ஆனால் நாளைக் காலை வரை எதுவும் சொல்வதற்கில்லை என்றார். உங்களிடம் மட்டும் ஒரு விஷயம் பேச வேண்டும் என்று அண்ணியை வெளியே அழைத்துப் போனார். ஸ்கேன் படம் ஒன்று அவர் கையில் இருந்தது. கதவு சாத்திக்கொண்டது.

ஊசியும் அண்ணனும் மட்டும் இருந்தார்கள்.

அவர் அவளைப் பார்த்தார். உதடு மெல்ல அசைந்தது.

"வந்துட்டியா" என்றார். குழறலாக இருந்தாலும் சொல் தெளிவாகவே வந்தது.

ஊசி காத்திருந்தாள். அண்ணன் பேச்சுக்கு எப்போதும் ஒரு வால் உண்டு. வந்துட்டியா என்றால், இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா நானே எதிர்ல வந்திருப்பேனே என்று ஏதாவது ஒன்று பின்னால் வரும். ஐம்பது வருஷமாக அப்படித்தான். இப்போது ஒன்றும் வரவில்லை.

"பயமா இருக்கு" என்றார்.

இந்தச் சொல்லை அவர் வாயால் அவள் கேட்டதே இல்லை. அப்பா போனபோது சொல்லவில்லை, அம்மா போனபோது சொல்லவில்லை. ஒரு தடவையாவது மனுஷன் மாதிரி பேசு என்று இவளேதான் கேட்டாள். பேசிவிட்டார். ஊசி அவருடைய இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். அது கனமாக, யாருடையதோ போல் கிடந்தது.

"அண்ணே, நான் இருக்கேன். எங்கேயும் போக மாட்டேன். ஏதாவது கிண்டல் பண்ணேன். என்னை நாலு வார்த்தை சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன்."

அவர் யோசித்தார். நெற்றி சுருங்கியது. எதையோ எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறவரைப் போல் கண் கூரையில் அலைந்தது. ஊசி அவர் முகத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. வெளியே அண்ணியின் குரல் ஒரு தடவை உயர்ந்து உடனே அடங்கியது.

வெகு நேரம் கழித்து அவர் கண்ணோரம் நனைந்தது.

"எதுவும் தோணலைம்மா" என்றார் அண்ணன்.